பாதியில் அழித்த பதில்

2043 அக்டோபர் 14, புதன்.

இன்று ஒரு சிறு தவறு. கூடத்தில் ஒரு டம்மிக்குப் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான்கு வரி எழுதிய பிறகுதான் யாருக்கு எழுதுகிறேன் என்று உறைத்தது. அழித்துவிட்டேன். அதற்குள் வகுப்பு தொடங்கிவிட்டது, கடைசி வரிசையில்தான் இடம். இனிமேல் கேள்வியைப் படிப்பதற்கு முன்னால் கேட்டவர் பெயரைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் பூபதி குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தான். பாலிடெக்னிக்கின் மாலை வகுப்பில் இடைவேளை விட்டிருந்தார்கள். செய்த தவறை அன்றன்றைக்கே எழுதி வைத்தால் அது மறுநாள் தலைகாட்டாது என்பது அவன் நம்பிக்கை. பள்ளியில் படிக்கும்போதே பிடித்துக்கொண்ட பழக்கம். தவறுகள் குறைந்ததாகத் தெரியவில்லை. குறிப்பேடுகள்தான் கூடிக்கொண்டே போயின.

பகலில் அவன் பெருந்துறைக்கு அப்பால், சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்றில் ஆபரேட்டர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ‘கூடம்’ என்ற இணையதளத்தில் பெயரைப் பதிந்துவிட்டார்கள். பதியாமல் முடியாது. மாநிலத்தில் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவராக இருந்தாலும் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கூடத்தில் சக ஆபரேட்டர்களோடு பேசி, கேட்டு, சொல்லிக்கொடுத்து, கற்றல் மணிகள் சேர்த்திருக்க வேண்டும். திரையில் பெயர்களாக மட்டும் தெரியும் மனிதர்களின் குழு அது, உரிமம் தரும் வாரியம் நடத்துவது. அதில் எல்லாப் பெயர்களுக்குப் பின்னாலும் மனிதர் இல்லை என்பதை அவனுக்கு முதலில் சொன்னவர் தங்கராசு.

தங்கராசு அதே ஷிப்டில் மூத்த ஆபரேட்டர். டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே எதையும் கிண்டலாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்.

“ஏனுங்ணா, டம்மி டம்மிங்கறாங்களே, அதென்னுங்க?” என்று பூபதி அன்று கேட்டான்.

“கூடத்துக்குள்ள வந்து அல்லாரும் வாயத் தொறக்காம ஒக்காந்துட்டு, மணிய மட்டும் வாங்கிட்டுப் போனா வாரியம் என்ன பண்ணும்? நடுவால நடுவால மெஷின் ஆளுகள உட்டுருக்குது. அதுக ஒண்ணும் தெரியாத மாதிரி கேள்வி கேக்கும். நாம சொல்லிக் குடுக்கோணும். சொல்லிக் குடுத்தாத்தான் நமக்கே புடிபடுமாம்.”

“எது மெஷினு, எது ஆளுன்னு எப்புடிங்ணா தெரியும்?”

“தெரியாதுடா. அதான் வெவகாரமே. சம்பந்தி ஊட்டுல பேசறாப்புல மரியாதயாப் பேசிட்டே இருக்கோணும், எதுத்தாப்புல ஆளே இல்லீன்னாலும்.”

சிரித்துவிட்டு, டீ கிளாசைக் கீழே வைத்து, கொஞ்சம் தணிந்த குரலில் மீதியையும் சொன்னார். “நான் ஒண்ணுகிட்ட ஏமாந்தண்டா. பழனிவேல்னு பேரு. மோட்டார் சமாச்சாரத்துல ஆரம்பிச்சு, என்ற பையன் சண்டை போட்டுட்டு ஊட்ட உட்டுப் போனது வரைக்கும் அதுகிட்டச் சொல்லிட்டேன். ‘உங்கள் வருத்தம் புரிகிறது, தோழரே’ன்னுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அப்புறம் பாத்தா, பழைய டம்மிகளக் கழட்டிட்டோம்னு வாரியம் நோட்டீஸ் போடுது. மொதப் பேரே பழனிவேலு.”

தங்கராசுவைப் போல ஏமாந்தவர்கள் கூடத்தில் நிறையப் பேர். புகார்கள் குவிந்ததும் வாரியம் ஒரு வழி செய்தது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இரண்டு பொத்தான்கள் வந்தன. ஒன்று ‘மனிதர்’, மற்றது ‘டம்மி’. டம்மி என்று நீங்கள் குறித்துவிட்டால் அந்தப் பெயரின் கேள்விகள் உங்கள் பக்கத்தில் வராது, தனியே ஓர் ஓரத்தில் போய்ச் சேரும். பலரும் அப்படிக் குறித்துவிட்டால், அந்தப் பெயரில் எழுதப்படுவது எதுவும் அதை மனிதர் என்று குறித்தவர்களின் பக்கத்துக்கு மட்டுமே போகும், மற்ற எல்லாருக்கும் ஓரத்தில்தான் கிடக்கும். அழுத்தியது சரியா தவறா என்று வாரியம் சொல்லாது. சொன்னால் பயிற்சி கெட்டுவிடுமாம்.

அன்றிலிருந்து கூடத்தில் கழிவுநீரைவிட டம்மிகளைப் பற்றிய பேச்சுத்தான் அதிகம். யாரைப் பார்த்தாலும் சந்தேகம். இந்தச் சந்தேகத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று பூபதிக்குத் தோன்றியது. எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் அவனுக்கு நிம்மதி. பழைய உரையாடல்களை எல்லாம் படித்து ஓர் அட்டவணை தயாரித்தான். பாடப்புத்தகத்தில் பதில் இருக்கும் கேள்வியையே கேட்கிறதா? அதையே வார்த்தை மாற்றி மறுபடியும் கேட்கிறதா? பதில் வருவதற்கு முன்பே நன்றி சொல்கிறதா? முகப்படத்தில் முகம் இல்லையா? தேவையில்லாமல் நலம் விசாரிக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். தயங்கித் தயங்கித்தான் குழுவில் போட்டான்.

மறுநாள் காலையில் கூடம் முழுக்க அவன் பெயர். ‘பூபதி டேபிள்’ என்றே அதற்குப் பேராகிவிட்டது. திருநெல்வேலியிலிருந்து ஒருவர் அவனை ‘சார்’ என்று எழுதினார். பிறந்ததிலிருந்து யாரும் அவனை இப்படிப் பாராட்டியதில்லை. அன்றைய குறிப்பில் எழுதுவதற்குத் தவறே கிடைக்கவில்லை.

அட்டவணையில் எல்லாரையும்விட அதிக மதிப்பெண் வாங்கிய பெயர் தேவகிருபை.

ராணிப்பேட்டைப் பக்கம், தோல் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஏதோ ஒரு சின்ன நிலையம் என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது. முகப்படத்தில் ஒரு செம்பருத்தி. அப்படி ஒரு பெயரைப் பூபதி அதுவரை கேட்டதே இல்லை. மெஷின்தான் இரண்டு வார்த்தைகளை ஒட்டவைத்து இப்படிப் பெயர் சூட்டும் என்று நினைத்தான். கேட்கும் கேள்விகளோ முதல் பருவப் பாடம். “தம்பி, சேறு மேல மெதக்குது, காத்து கூட்டணுமா கொறைக்கணுமா? நன்றி தம்பி. சாப்ட்டீங்களா?” பதில் சொல்வான். இரண்டு நாள் கழித்து அதே கேள்வி வேறு மாதிரி வரும். “கொஞ்சம் தெளிவா, ஒண்ணு ரெண்டு போட்டு எழுதுங்க தம்பி. சாப்ட்டீங்களா?”

சாப்பிட்டானா என்பதற்கு மட்டும் பூபதி ஒருநாளும் பதில் சொன்னதில்லை. கடைசியில் ‘டம்மி’ பொத்தானை அழுத்தினான். அட்டவணையைப் பார்த்துக் குழுவில் மற்றவர்களும் அழுத்தினார்கள்.

ஆனாலும் சந்தேகம் அவனை விடவில்லை. தான் செய்தது சரிதானா என்று பார்ப்பதற்காக, ஓரத்தில் ஒதுக்கிவைத்த கேள்விகளைத் தினமும் மாலையில் ஒருமுறை திறந்து படிப்பான். அந்தப் புதன்கிழமை, பாலிடெக்னிக் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி, வகுப்புக்குப் போகும் முன் திறந்தபோது தேவகிருபையின் கேள்வி கிடந்தது. சற்று முன்தான் வந்திருந்தது.

“பூபதி தம்பி, இன்னும் யார் இருந்தாலும். காலைலேர்ந்து தொட்டிகிட்ட அழுகின முட்டை நாத்தம். இப்ப நாத்தமே இல்ல. உள்ள பம்பு அடைச்சிக்கிச்சி. கேஸ் மீட்டர்ல பேட்டரி இல்ல. எறங்கி எடுக்கலாமா? சீக்கிரம் எழுதுங்க. நன்றி.”

பூபதியின் விரல்கள் தாமாகவே ஓடின. இறங்கவே கூடாது, வாயு போனதால் நாற்றம் நிற்கவில்லை, முகர்ந்து முகர்ந்து மூக்கு மரத்துப்போனதால் நின்றிருக்கிறது, நாற்றம் தெரியாத நேரம்தான் உயிருக்கு ஆபத்து என்று எழுதிக்கொண்டே போனான். நான்காவது வரியில் கை நின்றது. இது நான்காம் பாடத்தின் கடைசிக் கேள்வி அல்லவா? போன பருவத் தேர்வில் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் வந்ததே! மணி வேறு அடித்துவிட்டது. தன்னைத் தானே நொந்துகொண்டு எழுதியதை அழித்தான்.

வியாழனன்று அந்தப் பெயரில் ஒன்றும் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. சனிக்கிழமை டீ நேரத்தில் தங்கராசுவிடம் சொன்னான்.

“கழட்டிட்டாங்களாட்ட இருக்குது,” என்றார் அவர். “உன்ற டேபிளப் பாத்து மெஷினே பயந்துருச்சுடா.”

திங்கட்கிழமை காலையில் ஷமீமாவின் அழைப்பு வந்தது. ஷமீமா கூடத்தின் ஒருங்கிணைப்பாளர், சென்னையில் இருப்பவர். பூபதியிடம் அதற்கு முன் ஒரே ஒரு முறை பேசியிருக்கிறார். காற்றூட்டும் தொட்டியின் இரைச்சலில் காது கேட்காது என்று அவன் பம்பு அறைக்குப் பின்னால் ஓடினான். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தான்.

“பூபதி, டம்மி கண்டுபிடிக்கிற அட்டவணை ஒண்ணு குழுவுல சுத்துதே, அது நீங்க போட்டதா?”

“ஆமாங் மேடம். இன்னும் ரெண்டு அடையாளம் சேக்கோணுங்க. சேத்துட்டு உங்களுக்கும் அனுப்பறனுங்க.”

ஷமீமா குறுக்கிட்டார்.

“அதுல தேவகிருபைன்னு…”

“அது டம்மிங் மேடம். அதுக்குத்தான் மார்க்கு ரொம்ப.”

“அவங்க வேலூர்ல ஆஸ்பத்திரில இருக்காங்க. நேத்துப் போய்ப் பார்த்துட்டு வந்தேன்.”

பூபதிக்குத் தொட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஷமீமா நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். புதன்கிழமை மாலை. அடைத்துக்கொண்ட பம்பை ராத்திரி ஷிப்டுக்குள் ஓட்டியாக வேண்டும் என்று அங்கிருந்த சூப்பர்வைசர் நெருக்கியிருக்கிறார். முனிரத்தினம் என்ற ஹெல்பர் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறார். இறங்கியவர் கூப்பிட்ட குரலுக்குப் பதில் தரவில்லை. கிருபை இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாதி ஏணி வரை போயிருக்கிறார். மேலே இருந்தவர்கள் இழுத்ததில் கிருபை வெளியே வந்தார். முனிரத்தினம் அரை மணி கழித்துத்தான் வந்தார். உயிர் இல்லை.

“அவங்களுக்குத் தெரியாதுங்களா மேடம்?” என்று கேட்டான் பூபதி. “நாலாம் பாடத்துல இருக்குதுங்களே…”

“தெரியும் பூபதி. நல்லாவே தெரியும். அந்த வேலைல ஒன்பது வருஷமா இருக்காங்க.”

“அப்புறம் எதுக்குங்க கேட்டாங்க?”

“அவங்க வாய்ல சொன்னா அந்த சூப்பர்வைசர் கேக்க மாட்டாராம். ‘உனக்கு இன்னாம்மா தெரியும்’னு சொல்லிட்டுப் போயிடுவாராம். அதனால என்ன சந்தேகம்னாலும் கூடத்துல போட்டு, நீங்கல்லாம் எழுதற பதிலை அவர்கிட்ட நீட்டுவாங்க. பாருங்க சார், லைசென்ஸ் வெச்சவங்க எழுதியிருக்காங்கன்னு. அதுக்கு மட்டும் அவர் அடங்குவாராம். முதல் தடவை கேக்கலைன்னா, இன்னும் தெளிவா எழுதச் சொல்லி உங்ககிட்ட மறுபடி கேப்பாங்க. அந்தக் கேள்வியெல்லாம் அவங்களுக்காக இல்ல.”

ஒன்று, இரண்டு போட்டு எழுதச் சொன்னது எதற்கென்று பூபதிக்கு இப்போது விளங்கியது.

“புதன்கிழமையும் அப்படித்தான். முனிரத்தினத்தைப் பார்த்து, ‘நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாப்பா, அதுக்குள்ள எங்க ஆளுங்க எழுதிடுவாங்க’ன்னு அனுப்பியிருக்காங்க. அவர் குடிச்சிட்டு வந்துட்டார். இவங்க போனையே பார்த்துட்டு நின்னிருக்காங்க. ‘இன்னாக்கா, உங்க ஆளுங்கல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க போல’ன்னு சிரிச்சிட்டே இறங்கினாராம்.”

“கூடத்துல ஆபத்து மணி இருக்குதுங்களே மேடம். இந்த மாதிரி கேள்வி வந்தா வாரியத்துல இருந்தே போன் பண்ணுவாங்கல்ல?”

“பண்ணுவாங்க. நிஜ ஆள் கேட்டா. எது டம்மின்னு அந்த மணி வெச்ச பிரிவுக்கும் தெரியாது. தெரிஞ்சா வெளிய கசிஞ்சிடும்னு மறைச்சு வெச்சோம். அது நீங்க எல்லாரும் அழுத்தற பொத்தானைப் பார்த்துத்தான் கத்துக்குது. அவங்க பேருக்கு நேரா ஒரு மனிதர் குறிகூட இல்ல. பயிற்சிக் கேள்வின்னு எடுத்து ஓரமா வெச்சிடுச்சு. வெச்ச தப்பு எங்களுது, பூபதி. உங்க மேல பழி போடக் கூப்பிடல. விசாரணைக்கு முன்னாடி நீங்களே தெரிஞ்சுக்கணும்னுதான்.”

 பூபதி, அழித்த நான்கு வரிகளைப் பற்றிச் சொன்னான். யாரும் கேட்கவில்லை, சொல்லாமலே இருந்திருக்கலாம்.

“அனுப்பியிருந்தாலும்…” என்று ஷமீமா ஆரம்பித்துத் தயங்கினார். “உங்க பேரையும் பார்த்தேன். உங்களையும் நிறையப் பேர் டம்மின்னு அழுத்தியிருக்காங்க, தெரியுமா? நீங்க கட்டம் போட்டு எழுதறதும், வரிக்கு வரி மன்னிப்புக் கேக்கறதும்… ஒரு மாசமா நீங்க எழுதறது குழுவுல யாருக்குமே போகல.”

அந்த நொடியில் பூபதிக்கு வந்தது என்னவோ நிம்மதிதான். அதை உணர்ந்ததும் வெட்கமாகிப்போனது. எப்படியும் போய்ச் சேர்ந்திருக்காது என்றால், அழித்தாலும் அனுப்பியிருந்தாலும் ஒன்றுதானே?

“அப்ப… அவங்களுக்கும் போயிருக்காதுங்களா மேடம்?”



“அவங்களுக்குப் போயிருக்கும். உங்களை மனிதர்னு குறிச்சிருந்தது அவங்க ஒருத்தர்தான். ஏன் குறிச்சீங்கன்னு நேத்து கேட்டேன். பேச மூச்சு வாங்குது அவங்களுக்கு. ‘அந்தத் தம்பி சாயங்காலம் கிளாசுக்குப் போற புள்ள. ஆறு மணிக்கு மேல கேட்டா பதில் ராத்திரிதான் வரும். மெஷினுக்கு ஏது மேடம் கிளாசு’ன்னாங்க. கொஞ்ச நாளா உங்ககிட்டேர்ந்து ஒண்ணும் வரலையாமே, உடம்பு சரியில்லையான்னு என்னை விசாரிச்சாங்க.”

போனை வைத்த பிறகும் பூபதி பம்பு அறைக்குப் பின்னாலேயே நின்றான். தங்கராசு தேடிக்கொண்டு வந்தார்.

“என்றா, பேயறஞ்ச மாதிரி நிக்கற? மேடம் பரிசு கிரிசு தர்றாங்களா?”

பூபதி சொன்னான். கோவையாகச் சொல்ல வரவில்லை, முன்னும் பின்னுமாகச் சொன்னான். எல்லாம் சொல்லி முடித்த பிறகு பூபதி கேட்டான்.

“ஏனுங்ணா, நீங்களும் என்னைய டம்மின்னு அமுக்குனீங்களா?”

“அது வந்து… வெளையாட்டுக்குடா. ‘முதலில் வால்வை மூடவும். பின்னர் அழுத்தத்தைச் சரிபார்க்கவும்’னு எழுதற. பக்கத்துல ஒக்காந்து பன்னு தின்னுட்டு இருக்கறவன் இப்புடி எழுதுவானான்னு சிரிச்சுட்டே அமுக்குனேன். மத்தவங்களும் அமுக்குவாங்கன்னு நெனக்கலடா.”

பிறகு அவர் போனை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குழுவின் பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து அழுத்திக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, நிமிராமலே சொன்னார்.

“அல்லாத்தையும் மனுசன்னே மாத்திட்டேன். நடுவால ஒண்ணு ரெண்டு மெஷினு இருந்தா இருந்துட்டுப் போகுது. பழனிவேலுகிட்டப் பேசினதுல எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

பூபதி மத்தியானம் சாப்பிடவில்லை. மாலையில் வழக்கம்போலப் பாலிடெக்னிக் வாசலில் இறங்கி, கூடத்தைத் திறந்தான். தேவகிருபையின் கேள்வி அங்கேயே இருந்தது. அதன் கீழே ‘பதில் பெறாத பயிற்சிக் கேள்வி, காலாவதியானது’ என்று சாம்பல் நிறத்தில் போட்டிருந்தது. பதில் எழுதும் கட்டம் மூடியிருந்தது. அன்று அழித்த வரிகள் ஒரு சொல் பிசகாமல் அவனுக்கு நினைவிருந்தன. எழுதுவதற்குத்தான் இடமில்லை. மணி அடித்தது. கடந்துபோனவர்களில் ஒருவன் “வரலையா பூபதி?” என்று கேட்டான். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வகுப்புக்குள் போகாமல் வாசல் படியிலேயே உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தான்.

2043 அக்டோபர் 19, திங்கள்.

புதன்கிழமைக் குறிப்பைத் திருத்துகிறேன். அன்று நடந்ததை மாற்றி எழுதிவிட்டேன். பதில் எழுதத் தொடங்கியது தவறில்லை. அழித்ததுதான் தவறு. அது சிறியதும் இல்லை. முனிரத்தினம் ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்தார்.

அட்டவணையைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று எழுதிப் போட்டேன். யாருக்கும் போகாது என்று தெரியும், தங்கராசண்ணனுக்கும் கிருபை அக்காவுக்கும் மட்டும் போகும். விசாரணையில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

நாளை: ஷிப்டைத் தங்கராசண்ணன் பார்த்துக்கொள்வார். ஈரோட்டில் காலை ரயில், காட்பாடியில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ். கிருபை அக்காவைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து முனிரத்தினம் வீட்டுக்கு வழி கேட்டுப் போக வேண்டும். கிளம்புவதற்கு முன் சாப்பிட வேண்டும், அக்கா கேட்பார். ஸ்டேஷன் எதிரே உள்ள கடையில் அக்காவின் நிலையத்து வாயு மீட்டருக்குப் பேட்டரி வாங்க வேண்டும்.